யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது

புதிதாக எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்த தமிழ்ப் பெண்களை எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சிலர் சில சமயம் என்னிடம் பேசச் சொல்லி அனுப்புவார். வந்து உட்கார்ந்ததும் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அக்கா, இதை வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஊருக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வேன்?" என்றுதான் கேட்பார்கள். நான் மும்பை தாராவியில் இருக்கிறேன். 2015 முதல் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். என் பெயரையும் சொந்த ஊரின் பெயரையும் எழுதவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

எங்கள் சந்தில் பாதிக் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு வேலை தேடி வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சீட்டுப் பிடிப்பது, வரன் பார்ப்பது, இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோவது, அம்மன் கோவில் கொடை விழாவுக்கு வரி பிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஊர்ச் சங்கம் உண்டு. வேலை போன வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பதும் அந்தச் சங்கம்தான். அப்படி ஒரு நெருக்கம் இல்லாவிட்டால் இந்த நகரத்தில் எங்களால் காலூன்றியிருக்க முடியாது. ஆனால் காலையில் குழாயடியில் ஒருத்தி காதில் விழுந்த பேச்சு, பொழுது சாய்வதற்குள் ஊரில் அவள் அம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவதும் அதே நெருக்கத்தால்தான்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு பயமும் இருந்தது. என் மாமியாருக்கு இட்லித் தொழில். இரவில் கிரைண்டரில் மாவாட்டி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கொப்பரை ஏற்றி, ஈரத்துணி விரித்த தட்டுகளில் ஊற்றி வேகவைப்போம். துணியைக் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும் இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிக் கொடுத்தால், பையன்கள் தலையிலும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்றுவருவார்கள். மாவைக் கரைப்பது என் கை. சோற்றாலும் பாத்திரத்தாலும் எச்.ஐ.வி. பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்று அதற்கு இருக்கும் வழிகள் மிகச் சில. இது எனக்குத் தெரியும். இட்லி வாங்குகிறவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வழக்கமான ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ரிப்போர்ட் வந்த அந்த முதல் நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கவுன்சிலர் அன்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அதையே இன்று மற்றவர்களிடமும் சொல்கிறேன்: "இந்த வாரம் யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். முதலில் மருந்து. பிறகு கணவர். மற்றவர்களை அப்புறம் பார்க்கலாம்." அதிர்ச்சியில் இருக்கும்போது முதலில் கண்ணில் பட்டவரிடம் கொட்டிவிடத் தோன்றும். ஒருமுறை வெளியே போன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. சொல்வதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. மருந்துதான் காத்திருக்கக் கூடாது.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலும் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்கத் தொடங்கியது. 2017 முதல் சி.டி.4 என்னும் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், பாசிட்டிவ் என்றால் உடனே மருந்து தொடங்கலாம். நான் தொடங்கியபோது கொடுத்த மாத்திரையில் இரவெல்லாம் விசித்திரக் கனவுகள் வரும், எழுந்தால் தலை சுற்றும். இப்போது டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, அந்தத் தொல்லை இல்லை. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று போகாது. யாரிடம் சொல்லப் போகிறீர்களோ, அவரிடம் சொல்லும் முன் இந்த ஒரு விஷயத்தை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பவரின் முதல் பயத்துக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

கணவரிடம் நானாகச் சொல்லவில்லை. கர்ப்பிணியின் கணவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று கவுன்சிலர் அவரை வரவழைத்து, என் சம்மதத்தோடு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு?" என்பதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை, முறையான சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே என்று கவுன்சிலர் விளக்கினார். என் கணவர் தன் கைக்குட்டையை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தானே சட்டைக் கையை மேலேற்றி ரத்தம் கொடுக்கப் போனார். அவருக்கும் பாசிட்டிவ் என்று வந்தது.

யாரிடமிருந்து யாருக்கு என்று நாங்கள் இன்றுவரை பேசியதில்லை. பரிசோதனையில் யாருக்கு முதலில் தெரிந்ததோ அவர் மீதுதான் பழி விழுகிறது. கர்ப்பகாலத்தில் பெண்களுக்கு முதலில் பரிசோதனை நடப்பதாலேயே "மருமகள் கொண்டுவந்தாள்" என்று ஆகிவிடுகிறது. இது பெரிய அநியாயம். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளத் தயாராக இல்லை.

துணையிடம் சொல்வது மட்டும் மற்றவர்களிடம் சொல்வதைப் போன்றது அல்ல. அவருக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும், அவருடைய உடல் சம்பந்தப்பட்டது. ஆனால் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் இருந்தால் அதைக் கவுன்சிலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதைக் கவனத்தில் எடுத்திருக்கிறது. பெண்ணுக்கு வன்முறையோ கைவிடப்படும் ஆபத்தோ வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், மருத்துவப் பணியாளர் தாமாகக் கணவரிடம் சொல்லக் கூடாது.

குழந்தை பிறந்ததும் வேறொரு சிக்கல். தொற்று வராமல் தடுக்க ஆறு வாரம் அவனுக்கு நெவிரபின் என்ற சிரப் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், வேறு எதையும் கலக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைப்பார்கள். என் மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார். "டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அத்தை" என்றேன். சிரப்பைச் சத்து மருந்து என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் குடைந்து கேட்கவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் மருந்துப் புட்டியையும் மையத்தில் கொடுத்த பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தையும் எங்கே வைப்பது என்பதே தினமும் ஒரு கவலை. மாத்திரையை லேபிள் இல்லாத டப்பாவில் மாற்றி வைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். மும்பை மழையில் மாத்திரை நமத்துவிடும்.

இப்படியே எத்தனை நாள் மறைப்பது? வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் நான் மையத்துக்குப் போகும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று வெகுநாள் யோசித்தேன். மாமியாரிடம் பேச்சை நூல்விட்டுப் பார்த்தேன். டிவியில் பார்த்தேன், யாரோ ஒரு பெண்ணுக்கு எய்ட்ஸாம் என்றேன். அவர் மனதில் இருந்தது தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒருகாலத்தில் ஒட்டியிருந்த புள்ளிராஜா எய்ட்ஸ் விளம்பரம் மட்டுமே. "கெட்ட சகவாசம்" என்று முடித்துவிட்டார். அதனால் அவரை விட்டுவிட்டு என் கணவரின் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். மதினிக்குக் கல்யாணமான புதிதில் காசநோய் வந்து, புகுந்த வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒருமுறை ஒதுக்கப்பட்டவரிடம் முதலில் சொல்லுங்கள் என்று இன்று எல்லோரிடமும் சொல்கிறேன். படித்தவர், பாசமானவர், பக்தியுள்ளவர் எல்லோரும் அவருக்கு அடுத்தபடிதான்.

எங்கே வைத்துச் சொல்வது என்பதும் முக்கியம். எங்கள் வீடுகளில் பக்கத்து வீட்டு இருமல் நம் அடுப்படியில் கேட்கும். மதினியை மித்தி ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஒருகாலத்தில் குப்பை கொட்டிய இடம், இன்று மரங்களாக இருக்கிறது. அங்கே வைத்துச் சொன்னேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று மட்டும் கேட்டார். மாமியாரிடம் அவரே எடுத்துச் சொன்னார், என் முன்னால், பல மாதங்கள் கழித்து, பையனுக்கு 18 மாதத்தில் செய்த கடைசிப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்த பிறகு. நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னதால் மாமியாரால் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன். சில நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மாவுப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கவும் இல்லை.

மையத்து வரிசையில் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். கோரேகாவ் பக்கம் ஆரே காலனிக்குள் இருக்கும் ஒரு பாடாவை, அதாவது பழங்குடிக் குடியிருப்பை, சேர்ந்த வார்லிப் பழங்குடிப் பெண். மும்பை மாநகரத்துக்கு உள்ளேயே காட்டை ஒட்டி ஆதிவாசிப் பாடாக்கள் இருப்பது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அவளுடைய பாடாவில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாத்திரை வாங்க வராத ஒரு மாதத்தில், மையத்தின் பெயர் எழுதிய வண்டியில் ஓர் ஊழியர் வந்து, பாடா முகப்பில் நின்று அவள் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவ்வளவுதான். உதவி செய்ய வந்தவர்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சின்னச் சமூகத்தில் ரகசியம் உடைவது பெரும்பாலும் வம்பு பேசுகிறவர்களால் மட்டும் அல்ல, சேவை வந்து சேரும் விதத்தாலும் உடைகிறது. பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதை யோசிக்க வேண்டும். எங்கே சந்திக்கலாம், போனில் யார் பெயரில் கூப்பிடலாம், எந்த வண்டியில் வரலாம் என்பதை நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அவளைப் பாடாவை விட்டுப் போகச் சொல்லவில்லை. கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. வார்லிக் கல்யாணத்தில் அரிசி மாவுக் கரைசலால் சுவரில் சௌக் என்னும் சடங்கு ஓவியம் எழுதுவது சுமங்கலிப் பெண்களின் வேலை. அவள் நன்றாக எழுதுவாள். அடுத்து வந்த கல்யாணத்தில் மாவுக் கிண்ணம் அவளைத் தாண்டிப் போனது. "அக்கா, நான் கையை நீட்டினேன், கிண்ணம் பக்கத்தில் இருந்தவளிடம் போய்விட்டது" என்று மராத்தியில் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டபோது என் மனம் கொதித்தது. எனக்கு இட்லி மாவில் இருந்த பயம், அவளுக்கு அந்தக் கிண்ணத்தில் நடந்துவிட்டது.

அவள் என்ன செய்தாள் என்பதுதான் எனக்குப் பாடம். டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடாவுக்கு வகுப்பு எடுக்கவில்லை. கல்யாணச் சடங்கைப் பாடி நடத்தும் தவலேரி என்னும் பெண் பூசாரியிடம் தனியாகப் போய் உட்கார்ந்து சொன்னாள். மந்திரிக்கும் பகத்திடமும் போனாள். மந்திரிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, மாத்திரையை நிறுத்து என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டாள். இரண்டு பேரும் அவளுக்கு மூத்தவர்கள், சொல்லுக்கு மரியாதை உள்ளவர்கள். தவலேரி அடுத்த கல்யாணத்தில் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கிண்ணம் கைக்கு வர இன்னும் சில கல்யாணங்கள் ஆனது.

ஆதிவாசிகள் அறியாமையால் ஒதுக்குகிறார்கள் என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்வார்கள். என்னை மிக மோசமாக ஒதுக்கியது குளிர்சாதன அறையில் இருந்த, பட்டம் பெற்ற மனிதர்கள். 2019-இல் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். என்னிடம் கேட்காமலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்கள். பிறகு ஆபரேஷன் முடியாது என்றார்கள். கட்டில் காலில் தொங்கிய ஃபைலின் அட்டையில் சிவப்பு மையில், போகிற வருகிற எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்திருந்தார்கள். வார்டு ஆயா எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். நான் வீடு திரும்பும் முன் செய்தி சந்துக்கு வந்துவிட்டது.

சட்டப்படி அங்கே நடந்தவற்றில் மூன்று தவறு: சம்மதம் இல்லாமல் பரிசோதித்தது, சிகிச்சை மறுத்தது, வெளியே தெரியவிட்டது. எந்த நோயாளிக்கும் ஒரே மாதிரியான பாதுகாப்பு முறையைத்தான் ஆபரேஷன் தியேட்டரில் கடைப்பிடிக்க வேண்டும். அப்படிக் கடைப்பிடித்தால் யாருக்கும் மறுக்கக் காரணமே இல்லை. இப்படி நடந்தால் அழுவதற்கு முன் அந்த ஃபைலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று அன்றே எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் ரசீதையும் விடாதீர்கள். இந்தச் சட்டப்படி மாநிலங்கள் ஆம்பட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவு போட வேண்டும், அவசர மருத்துவம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வழக்கில் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்தக் கேட்கலாம். இந்தச் சட்டம் வருவதற்கு வெகுமுன்பே, 1997-இல், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் வேலை செய்யத் தகுதியுள்ள தொழிலாளிக்கு வேலை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தொழிலாளியின் பெயர் தீர்ப்பில் இல்லை, வெறும் எழுத்துகள்தான் இருக்கின்றன. அதை வழக்கறிஞர் சொன்னபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. என் விஷயத்தில் நோட்டீஸ் போனதுமே எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆபரேஷன் அரசு மருத்துவமனையில், எந்தப் பேச்சும் இல்லாமல் முடிந்தது.

சட்டத்தால் எங்கள் சந்துக்காரர்களைச் சரிசெய்ய முடியவில்லை. இட்லி ஆர்டர் பாதியாகக் குறைந்தது. சீட்டுக்காரப் பெண், "அடுத்த சீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றாள். அப்போது என் வார்லித் தோழியை நினைத்துக்கொண்டு, சங்கத்தில் எல்லோரும் பெரியப்பா என்று அழைக்கும் மூத்தவரைத் தேடிப் போனோம். நான், கணவர், மதினி மூவரும். இரக்கம் கேட்கவில்லை. "இட்லியால் வராது பெரியப்பா. எங்கள் பேச்சை எடுக்க வேண்டாம். கொடைக்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் காசநோயைப் பற்றியும் எச்.ஐ.வி.யைப் பற்றியும் தமிழில் பேச ஒரு கவுன்சிலரை வரவழையுங்கள்" என்றோம். காசநோயைச் சேர்க்கச் சொன்னது மதினி. தாராவியில் காசநோயைத் தொடாத குடும்பம் குறைவு, அதனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்றார். அப்படியே நடந்தது. கூட்டத்தின் முடிவில் யாரும் எதிர்பாராமல் என் மாமியார் எழுந்தார். "என் பேரன் இவள் கைச் சோற்றில்தான் வளர்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லை. வேண்டுமானால் ரிப்போர்ட்டைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் சங்கக் கூட்டத்தில் பேசியதே இல்லை.

பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. எதிர்வீட்டில் இன்றும் எங்கள் வீட்டுப் பலகாரத்தை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கொட்டுகிறார்கள் என்று தெரியும். மதினியின் மகளுக்குப் பேசிய வரன் ஒன்று தட்டிப்போனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது. மதினி அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் சொல்வதற்கு விலை உண்டு, அந்த விலையை நமக்காக வேறொருவர் கொடுக்க நேரலாம் என்பதை என்னிடம் வருகிற பெண்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், மனம் லேசாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அக்கம்பக்கத்துக்கும் வேலை கொடுக்கிறவருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு எதுவும் இல்லை.

பிள்ளைகளிடம் சொல்வது தனி விஷயம். மகளுக்கு 13 வயதானபோது, தெருவில் யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொன்னேன். "நீ செத்துப்போய்விடுவாயா அம்மா?" என்றாள். மாத்திரை டப்பாவைக் காட்டி, ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று காட்டும் கடைசி வைரல் லோடு ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னேன். அதிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு, "அம்மா, மாத்திரை" என்று நினைவூட்டுவது அவள்தான். பையனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் கேள்வி கேட்கத் தொடங்கும்போது சொல்வேன்.

மும்பையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் யாராவது இந்த நிலையில் இருந்தால், 1097 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மையத்துக்கு வரும்போது இந்தியோ மராத்தியோ சரியாக வராவிட்டால், தமிழ் தெரிந்த கவுன்சிலரோ நோயாளிகளில் மூத்தவரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். மொழிபெயர்க்க ஊர்க்காரரைக் கூட்டிவர வேண்டாம்.